முன்சக்கரத் தகடு

வாங்க சார், வண்டிய உள்ள உருட்டிக்கிட்டே வந்துருங்க. வெளிய தூறல் போடுது. கீழதானுங்க போறீங்க, மேட்டுப்பாளையம்? அப்ப முன்பிரேக்கப் பாக்காம நான் விடறதா இல்லைங்க. இங்க பாருங்க, லிவர்கிட்ட வயரு நூல் நூலாப் பிரிஞ்சு நிக்குது. இன்னும் நாலு அமுக்கு அமுக்கினா அந்துரும். நல்லவேளை என்ற கடை உங்க கண்ணுல பட்டுது. கோத்தகிரிய விட்டு எறங்கினா அப்புறம் சைக்கிள் தெரிஞ்ச மனுசனே கெடையாதுங்க.

அந்த ஸ்டூல்ல உக்காருங்க. அது ஆடாது, சும்மா உக்காருங்க.

போனை இங்க பெஞ்சு மேல வெச்சுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. என்ற பொண்ணு வான்மதி கீழ போயிருக்கா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் கிளம்பினா. குஞ்சப்பனை டீக்கடையில நின்னு கூப்பிடறேன்னா. ஞாயித்துக்கிழம கோயமுத்தூர்ல இருந்து பத்துப் பேரு சைக்கிள் விட வர்றாங்க. அவங்களக் கூட்டிக்கிட்டு முன்ன எறங்கப் போறவ இவதான். அதுக்கு இன்னிக்கு வெள்ளோட்டம். பயமெல்லாம் இல்லைங்க. நானே பூட்டிக் குடுத்த வண்டி, எனக்கென்ன பயம்? பொண்ணப் பெத்தவனுக்கு ஒரு காது போன்லயேதான் கெடக்கும், அவ்வளவுதான்.

அடடா, இரும்பு ஃப்ரேமு! முப்பது, முப்பத்தஞ்சு வருசம் இருக்குமுங்களா? தட்டிப் பாருங்க, மணி மாதிரி கேக்குது. இந்தக் காலத்து மலைச் சைக்கிள் எல்லாம் தட்டினா பிளாஸ்டிக் பக்கெட்டு சத்தம். இது மாதிரி வண்டி இந்த ஊர்ல மொத்தம் பதினாலு இருக்குதுங்க. எஸ்டேட்டுல இருந்தவங்க, பள்ளிக்கூடத்துல வேலை பாத்த வெள்ளக்காரங்க, ஊரவிட்டுப் போறப்ப வித்துட்டுப் போனது. பதினாலும் என்ற கையிலதான் பொழைச்சுக் கெடக்குது.

யாராவது சொல்லி வந்தீங்களா? இல்ல, சும்மாதான் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுல விசாரிச்சிருந்தீங்கன்னா மயில்சாமி கடைக்குப் போகாதீங்கன்னு சொல்லியிருப்பாங்க. ஆமாங்க. அப்படித்தான் சொல்றாங்க இப்போ. ஒரு வருசமா சொல்றாங்க. ஏன்னு நானே சொல்றேன். வேலையும் நடக்கட்டும், பேச்சும் நடக்கட்டும்.

முதல்ல என்ற கட்சி என்னன்னு கேளுங்க. பழைய வண்டிக்கு ஒசத்தி சாமான் வாங்கிப் போடறவன் மடையன். கெழவனுக்குப் பல்லு கட்டினா மெல்லறதுக்குத்தானே கட்டணும், தங்கத்துல எதுக்குங்க? இந்த கியர் லிவரப் பாருங்க, கட்டை விரல்ல தள்ளுறது. டிக்கு டிக்குன்னு எண்ணிக்கிட்டு மாறற சங்கதியே இல்ல. நம்ம விரலுக்குத் தெரியும் எங்க நிறுத்தணும்னு. அதனால எந்தச் செயின் மாட்டினாலும் இது ஓடும். மார்க்கெட்டுல இருக்கறதுலயே சல்லிசான செயினப் போடுங்க, ஓடும். பெடலுக்கு வாங்க. ஒசத்திப் பெடலு உள்ளயே மூடி அடைச்சிருக்கும். ஒரு மழைத் தண்ணி பூந்தா அப்புறம் குப்பைதான். சாதாப் பெடலக் கழட்டினா குண்டு தெரியும், கிரீஸ அப்பிப் பூட்டினா அடுத்த மழைக்குத் தயார். பிரேக் கட்டையும் அப்படித்தான். லோக்கல் ரப்பர் மெத்துன்னு இருக்கும், ஈரத்துலயும் கவ்வும். இதையெல்லாம் நான் கதையாச் சொல்லலைங்க, முப்பது வருசமா இந்த மலையில ஓட்டிப் பாத்துச் சொல்றேன்.

வயருக்கும் எனக்கு ஒரு வழி இருக்குது. மொபெட் பிரேக் வயரு. பாருங்க எவ்வளவு தடிமன்னு! சைக்கிள் வயரு இதுகிட்ட நிக்குமா? ஒரே ஒரு எடஞ்சல்தான், தலையில இருக்கற ஈயக் குண்டு பெரிசு, லிவர் பொந்துல நுழையாது. அரத்துல ரெண்டு பக்கமும் ராவி விட்டா கச்சிதமா உக்காந்துக்கும். நானாக் கண்டுபுடிச்சது. வேற எவனும் செய்யறதில்ல.

இருங்க, இது என்ன கடகடங்குது? ஓ, இந்தத் தகடா. உங்க வண்டியிலயும் இருக்குதா? முன்சக்கரத்துக்கு மேல நீட்டிக்கிட்டு ஒரு தகடு, அதுல வெள்ளை ரிஃப்லெக்டரு. ரிஃப்லெக்டரு எப்பவோ ஒடைஞ்சு போச்சு, தகடு மட்டும் எதுக்குச் சும்மா தொங்குது? இதக் கழட்டிரலாம். ஒரே நட்டுதானுங்க, அரை நிமிஷ வேலை.

ஆச்சு. சத்தம் போச்சா? அந்த பிஸ்கட் டப்பாவுல போட்டுக்கறேன். அதுல இது மாதிரி பதினாலு கெடக்குது. தகரம்தானே, எதுக்காவது ஆகும்.

எட்வின் சாருன்னு ஒருத்தர். இங்க ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். ரிட்டயர் ஆனவரு. உங்கள மாதிரியேதான், அவருகிட்டயும் ஒரு இரும்பு மலைச் சைக்கிள். நீலக் கலரு. அத அவரு தொடைக்கறதப் பாக்கணுமே, பச்சப் புள்ளைக்குக் குளிக்க வெச்சுத் தொடைச்சா மாதிரி இருக்கும். நல்ல மனுசன். ஆனா ஒரு பிடிவாதம். எந்தச் சாமான் போனாலும் அதே கம்பெனி, அதே வருசத்துச் சாமான் வேணும்பாரு. முன்பிரேக் வயரு போச்சுன்னு மூணு மாசம் பார்சலுக்குக் காத்துக் கெடந்தாருங்க! ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வண்டிய இதே சொவத்துல சாச்சு வெச்சுட்டு, தெனம் வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாரு. "வந்துச்சா மயில்சாமி?" "வரலைங்க சார்." இதே பாட்டு.

எனக்குப் பொறுக்கல. "சார், கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட மொடவன் கதையா இருக்குது உங்க கதை. நம்மகிட்ட இருக்கறதப் போட்டு ஓட்டுங்க"ன்னு சொல்லி ஒரு நாள் பூட்டியே விட்டுட்டேன். மொபெட் வயரு, லோக்கல் கட்டை. அவரு வண்டியிலயும் இந்தத் தகடு கடகடன்னுச்சு. கழட்டறேன்னேன். "அது இருந்துட்டுப் போகட்டும் மயில்சாமி. செஞ்சவன் காரணமில்லாம வெச்சிருக்க மாட்டான்"னாரு. நான் சிரிச்சுட்டேன். "சார், ஒடைஞ்ச ரிஃப்லெக்டருக்குக் காவலாளி எதுக்கு?"ன்னு சொல்லிக்கிட்டே கழட்டிட்டேன். அவரும் சிரிச்சாருங்க. அவரு அப்படித்தான், நம்ம பேச்சுக்குச் சிரிச்சுருவாரு.

ஒரு மாசம் ஓட்டினாரு. ஒரு மாசம்! தெனம் காலையில கீழ எறங்கி பஸ்ஸுல ஏத்திக்கிட்டு மேல வருவாரு. கடை முன்னால நின்னு, "உன் வயரு பரவாயில்லய்யா"ம்பாரு. அந்த ஒரு மாசத்தப் பத்தி இந்த ஊர்ல எவனாவது பேசறானுங்களா? பேசமாட்டான். முப்பதாவது நாளப் பத்தி மட்டும் பேசுவான்.

தை கடைசி. இதே மாதிரித் தூறல். குஞ்சப்பனையத் தாண்டி மூணாவது வளைவு. சாரு தலைகுப்புறப் போயி ரோட்டோரச் செவுத்துல விழுந்துட்டாரு. பின்னால வந்த பால் வண்டிக்காரந்தான் தூக்கியிருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க.

நான் அழுதேன். பொய் சொல்லல, இங்க உக்காந்து அழுதேன். எனக்கு அந்த மனுசனப் புடிக்கும்.

ஊர்ல என்ன சொல்றாங்க? மயில்சாமி பூட்டின வயரு அறுந்து சாரு செத்தாருன்னு. வயரு அறுந்து போகவே இல்லைங்க! நானே போய்ப் பாத்தேன். வயரு முழுசா இருந்துச்சு. தலையில இருந்த குண்டுதான் கழண்டிருந்துச்சு. அதுவும் விழுந்ததுக்கு அப்புறம் கழண்டிருக்கும். குருவி உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதுக்கு நான் என்ன பண்ணறது?

நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க, ஒரு நியாயம் சொல்லுங்க. பிரேக் போச்சுன்னா வண்டி நிக்குமா, ஓடுமா? ஓடணும்ல? ஆனா அந்த வளைவுல ரோட்டப் பாத்தேன். முன்சக்கரம் நின்னு தேய்ச்ச கறுப்புக் கோடு, ஒரு முழம். அப்ப என்ன அர்த்தம்? சக்கரம் நின்னிருக்குது. பிரேக் புடிச்சிருக்குது! என்ற பிரேக்கு புடிச்சிருக்குது சார். காட்டெருமை ஏதாவது குறுக்க வந்திருக்கும், சாரு பதறி ஒரே அமுக்கா அமுக்கியிருப்பாரு, வண்டி நின்னுருச்சு, ஆளு போயிட்டாரு. போலீஸ்காரருகிட்ட இதத்தான் சொன்னேன். அவருக்கு சைக்கிள்னா மணியடிக்க மட்டும்தான் தெரியும். "பாத்துப் பண்ணுங்க பெரியவரே"ன்னுட்டுப் போயிட்டாரு.

ஆனா ஸ்டெல்லா டீச்சருக்குத் தெரியும். சாரோட வீட்டுக்காரம்மா. நாப்பது நாள் கழிச்சு அந்த நீல வண்டிய ஒரு ஜீப்புல போட்டுக் கொண்டாந்தாங்க. அதோ, அந்தப் படியில சாச்சு வெச்சாங்க. என்னையே பாத்துட்டு நின்னாங்க. "இது நீங்க பாத்த வேலை மயில்சாமி. நீங்களே வெச்சுக்கங்க"ன்னாங்க. டீ குடிங்கன்னேன், குடிக்கல. போயிட்டாங்க. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. என்ற மேல பழி இருந்தா வண்டிய என்ற கையிலயே குடுப்பாங்களா? இதச் சொன்னா ஊர்க்காரன் ஒருத்தனுக்கும் வெளங்க மாட்டேங்குது. மூஞ்சியத் திருப்பிக்கறான்.

அன்னிலேர்ந்து அந்தம்மா இந்த ரோட்டுல வர்றதில்ல. சர்ச்சுக்குக் கூட சுத்திக்கிட்டுத்தான் போறாங்க. மேடு ஏற முடியல போல.

அந்த நீல வண்டியத்தான் வான்மதி எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. ஆமாங்க. பழைய வண்டிக்கு ராசியெல்லாம் பாக்கக் கூடாது. ரிம்முல பெண்டு எடுத்தேன், ஸ்போக்கு நாலு மாத்தினேன். ஃபோர்க்கு வளைஞ்சு போச்சு, வேற வண்டியில இருந்து கழட்டிப் போட்டேன். டயரு நல்ல பட்டன் டயரு, மேலெல்லாம் முண்டு முண்டா ரப்பர் நிக்கும், அதே இருக்குது. பிரேக்குல மேல ஒரு குட்டிக் கம்பி இருக்குதுல்ல, உங்க வண்டியிலயும் இதோ, டயருக்கு மேல கூரை போட்ட மாதிரி ரெண்டு பிரேக் கையையும் சேத்துப் புடிச்சிருக்குதே, அது சாரு வண்டியில டயர்ல சுத்திக் கெடந்துச்சு. விழுந்தப்ப சிக்கியிருக்கும். கட்டர் வெச்சு வெட்டி எடுத்து வேற போட்டேன். வயரு அதே மொபெட் வயருதான். இந்தத் தடவ குண்டக் கொஞ்சம் கம்மியா ராவியிருக்கேன். காரணமெல்லாம் இல்ல, சும்மா.

வான்மதி மொதல்ல தயங்கினா. "அப்பா, புது வயரு வாங்கிப் போட்டுரலாமா?"ன்னா. நான் விடல. "கண்ணு, பயமுறுத்தித்தான் சாமான் விப்பாங்க. பயமுறுத்தறவன் பேச்சக் கேக்காத. உங்கப்பன் சொல்றதக் கேளு"ன்னேன். இப்ப அவளே அப்படித்தான் பேசறா, வர்ற ஆளுககிட்ட எல்லாம். நான் சொன்னது ஒரு வார்த்த சிந்தாம சொல்றா. கேக்கறப்ப எனக்கே மயிர் கூச்செறியுமுங்க.

மணி என்ன? பத்தே காலா? இந்நேரம் கூப்பிட்டிருக்கணும். டீக்கடையில கூட்டமா இருக்கும்.

ஆச்சுங்க உங்க வயரு. அமுக்கிப் பாருங்க. எப்படி?

என்னங்க டப்பாவத் துழாவறீங்க? அந்தத் தகடா? அது வேணாமுங்க, அது எதுக்கும் ஆகாது. ஐயோ, ஏனுங்க பூட்டின வயரக் கழட்டறீங்க? கஷ்டப்பட்டு இழுத்துக் கட்டியிருக்கேன். சரி, சரி, உங்க வண்டி. என்ன காட்டப் போறீங்க?

ம். லிவர்ல குண்டு கழண்டுச்சுன்னு வெச்சுக்கணும். சரி, வெச்சுக்கிட்டேன். வயருதானே அந்தக் குட்டிக் கம்பிய மேல இழுத்துப் புடிக்கறது, இப்ப இழுக்க ஆளில்ல. ஆமா, கீழ எறங்கும். டயரு மேல உக்காந்துக்கிச்சு. அதனால என்னங்க? சின்னக் கம்பி. சுத்துங்க சக்கரத்த, சும்மா உரசிக்கிட்டு ஓடும்.

அட.

இன்னொரு தடவ சுத்துங்க. நான் சுத்தறேன், விடுங்க. நீங்க கையில புடிச்சிருப்பீங்க.

பட்டனுக்கு நடுவுல மாட்டி இழுத்துட்டுப் போகுது. நின்னு போகுது. ஒரேடியா நின்னு போகுது சார்.

இப்பத் தகட்ட வைங்க. அந்த எடத்துல. நான் புடிச்சுக்கறேன், நீங்க சுத்துங்க. கம்பி தகட்டு மேல உக்காந்துக்குது. சக்கரம் ஓடுது. ஓடிக்கிட்டே இருக்குது.

இதுக்குத்தானா அது?

ஒரு முழம் கோடுன்னு நாந்தானுங்க சொன்னேன். போலீஸ்காரருகிட்டயும் நாந்தான் சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன், பிரேக் புடிச்சுதுன்னு. டயர்ல சுத்தியிருந்துச்சு சார், அந்தக் குட்டிக் கம்பி. நானே வெட்டி எடுத்தேன், இந்தக் கட்டர்லதான். காரணமில்லாம வெச்சிருக்க மாட்டான்னாரு. அவரு சொன்னாருங்க. நான் சிரிச்சேன். வயரு கூடக் காரணமில்ல. வயரு போயிருந்தாலும் அந்த மனுசன் பின்பிரேக்கப் புடிச்சு நின்னிருப்பாரு. நின்னு, மேல வந்து, என்னைத் திட்டியிருப்பாரு. அந்தத் தகட்ட நான் விட்டிருந்தா இன்னிக்கு இந்த ஸ்டூல்ல அவரு உக்காந்திருப்பாரு.

வான்மதி வண்டியில.

வான்மதி வண்டியில தகடு இல்லைங்க.

போனு! அவதான், அவதான். ஸ்பீக்கர்ல போட்டாத்தான் இது கேக்கும். வானு! கண்ணு, எங்க இருக்கற? குஞ்சப்பனையா? எறங்கிட்டயா வண்டியில இருந்து? ஏறாத. கேக்குதா? வண்டியில ஏறாத, அங்கயே நில்லு. அப்பா வரேன். தகடு கண்ணு, தகடு. முன்னால நீட்டிக்கிட்டு இருந்துச்சுல்ல, நான் கழட்டிப் போட்டனே, அது. இல்ல, தேட வேணாம், டப்பாவுல இருக்குது, அதுக்கில்ல. பிரேக்கு… ஹலோ? வயரு கண்ணு, நான் பூட்டின வயரு சரியில்ல. சரியில்லன்னு சொல்றேன்ல! ஏன் சிரிக்கற? சிரிக்காத வானு. ஹலோ? ஹலோ?

கேட்டீங்களா சார்? "யாருப்பா கடையில வந்து உங்களப் பயமுறுத்தறது"ங்கறா. காத்து அடிக்குது, சரியாக் கேக்கல, கீழ போயிப் பேசறேன்னு வெச்சுட்டா. டீ குடிச்சாச்சாம். மழை பெருசாகறதுக்குள்ள எறங்கிருவாளாம்.

எடுக்க மாட்டேங்கறா. எல்லைக்கு வெளிய இருக்காங்கறான். இன்னொரு தடவ அடிக்கறேன். எல்லைக்கு வெளிய. அங்கேர்ந்து மூணாவது வளைவு சார். டீக்கடையில நின்னு பேசினா இங்க கேக்கும், அதுக்குக் கீழ எறங்கிட்டா கேக்காது. அவ எறங்கிட்டா.

மொபெட்டு பின்னால நிக்குது. போயிருவேன். அவ மெதுவாத்தான் போவா, மழையில அவ வேகமாப் போகமாட்டா, நான் சொல்லிக் குடுத்திருக்கேன். எது அவளோடது? டப்பாவுல எல்லாம் ஒரே மாதிரி இருக்குதே. எத எடுத்துட்டுப் போறது? டப்பாவோடயே எடுத்துக்கறேன். பதினாலு வண்டிங்க. பதினாலும் ரோட்டுல இருக்குது.

நீங்க இப்பக் கிளம்ப வேணாம். அந்த வயரையும் நம்பாதீங்க, பஸ்ஸுல போட்டுக்கங்க. இந்தாங்க, உங்க தகடு. அத மட்டும் முதல்ல மாட்டிருங்க சார், எனக்கு நிக்க நேரமில்ல. ஸ்பேனர் அங்க தொங்குது. ஒரே நட்டுதானுங்க. அரை நிமிஷ வேலை.